பிரெக்சிட் அமைச்சர் ஏன் விலகினார்? 2018 நவம்பர் ராஜினாமா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதையில் எத்தனையோ ராஜினாமாக்கள் உண்டு. ஆனாலும் 2018 நவம்பர் 15 அன்று பிரெக்சிட் (அந்த வெளியேற்றம்) துறை அமைச்சர் டொமினிக் ராப் விலகியதைப் பற்றித்தான் ஒரே மாதிரியான கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் திரட்டி, எளிதில் ஆரம்பித்துச் சிக்கலானதை நோக்கிப் போகும்படி அடுக்கியிருக்கிறோம்.

பிரெக்சிட்டுக்குன்னு தனியா ஒரு அமைச்சரே இருந்தாரா? அவருக்கு என்ன வேலை?

இருந்தார். 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். அதையடுத்து ஜூலை 13 அன்று பிரதமரான தெரசா மே, இதற்காகவே புதிய துறை ஒன்றைத் தொடங்கினார். மூன்று பேர் அதன் அமைச்சர்களாக இருந்தார்கள்: முதலில் டேவிட் டேவிஸ், 2018 ஜூலை 9 முதல் டொமினிக் ராப், அதே ஆண்டு நவம்பர் 16 முதல் ஸ்டீபன் பார்க்லே. பிரிட்டன் வெளியேறிய 2020 ஜனவரி 31 அன்றே அந்தத் துறையும் மூடப்பட்டது.

வேலை மூன்று வகை. பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்தின் தலைமைப் பேச்சாளர் மிஷெல் பார்னியேவுடன் பேசுவது முதல் வேலை. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருந்த ஐரோப்பியச் சட்டங்களை உள்நாட்டுச் சட்டமாக மாற்றுவது இரண்டாவது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேற நேர்ந்தால் துறைமுகம், மருந்து, விமானம் என்று எல்லாவற்றுக்கும் மற்ற துறைகளோடு சேர்ந்து மாற்று ஏற்பாடு செய்வது மூன்றாவது. முதல் வேலைதான் வெளியே தெரிந்தது. ஆனால் அமைச்சர் கையில் மிகக் குறைவாக இருந்ததும் அதுதான். ஏன் என்பது ராப்தான் பேசினாரா என்ற கேள்வியில் வருகிறது.

ராப் விலகின அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?

நவம்பர் 14, புதன்கிழமை: 585 பக்கம் கொண்ட வெளியேற்ற ஒப்பந்த வரைவு அமைச்சரவைக்கு வந்தது. கூட்டம் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் நீண்டது. இரவு மே வெளியே வந்து, இது அமைச்சரவையின் கூட்டு முடிவு என்று அறிவித்தார். ஒருமனதான முடிவு என்று அவர் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைப் பலர் அன்றிரவே கவனித்தார்கள்.

மறுநாள் காலை வடக்கு அயர்லாந்து துறையின் இணை அமைச்சர் சைலேஷ் வாரா முதலில் விலகினார். ஒன்பது மணி வாக்கில் ராப் தன் கடிதத்தை ட்விட்டரில் வெளியிட்டார். அடுத்து தொழிலாளர் நலம், ஓய்வூதியத் துறை அமைச்சர் எஸ்தர் மெக்வே. பத்தரை மணிக்கு மே நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபையில் எழுந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். முதல் ஒரு மணி நேரத்தில் ஒப்பந்தத்தை ஆதரித்து எழுந்த குரல் ஒன்றுகூட இல்லை என்றே சொல்லலாம். பவுண்டின் மதிப்பு டாலருக்கு எதிராக அன்று ஒன்றரை சதவீதத்துக்கும் மேல் இறங்கியது.

முன்னாடியே டேவிட் டேவிஸ் விலகினாரே, ரெண்டும் ஒரே காரணம்தானா?

இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் அதிகம் நடக்கிறது. டேவிஸ் எதிர்த்தது வருங்கால வர்த்தக உறவுக்கான திட்டத்தை. 2018 ஜூலை 6 வெள்ளிக்கிழமை, பிரதமரின் கிராமப்புற மாளிகையான செக்கர்ஸில் அமைச்சரவை கூடி ஒரு திட்டத்தை ஏற்றது. பொருள்களின் தரவிதிகளில் ஒன்றியமும் பிரிட்டனும் ஒரே விதிப்புத்தகத்தைப் பின்பற்றும் என்பது அதன் மையம். விதியை எழுதும் இடத்தில் நமக்கு இடமில்லாமல் விதியை மட்டும் ஏற்பதா என்பது டேவிஸின் வாதம். ஞாயிறு இரவு விலகினார். திங்கட்கிழமை வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் போனார்.

ராப் எதிர்த்தது வெளியேற்ற ஒப்பந்தத்தை, அதிலும் குறிப்பாக வடக்கு அயர்லாந்து பற்றிய பகுதியை. செக்கர்ஸ் திட்டம் ஒரு பேரம் தொடங்கும் நிலைப்பாடு; அதையும் செப்டம்பர் 20 அன்று சால்ஸ்பர்க் மாநாட்டில் ஒன்றியத் தலைவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். வெளியேற்ற ஒப்பந்தமோ கையெழுத்தானால் சர்வதேசச் சட்டம். ஆகவே ராப் விலகியபோது பணயம் பெரிதாக இருந்தது.

பேக்ஸ்டாப் பேக்ஸ்டாப்னு எல்லாரும் சொல்றாங்க. அது என்னன்னு புரியற மாதிரி சொல்லுங்களேன்.

அயர்லாந்து குடியரசு ஒன்றியத்தில் இருக்கிறது. வடக்கு அயர்லாந்து பிரிட்டனோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கும் மேற்பட்ட சாலைக் கடப்புகள். வடக்கு அயர்லாந்தின் வன்முறையை நிறுத்த 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு ராணுவச் சாவடிகள் போய், மக்கள் இந்தப் பக்கம் குடியிருந்து அந்தப் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். பொது விதிகளின் கீழ் பொருள்கள் தடையின்றிப் போகும் ஒற்றைச் சந்தையையும், உள்ளே சுங்கவரி இல்லாத சுங்க ஒன்றியத்தையும் பிரிட்டன் விட்டுப் போனால், அந்த எல்லையில் பொருள்களைச் சோதிக்க வேண்டிவரும். பழைய சாவடிகள் இருந்த இடத்தில் புதிய சாவடி வந்தால் அமைதி குலையும் என்ற அச்சம் இரு தரப்புக்கும் இருந்தது.

அதனால் ஒரு காப்பு ஏற்பாடு எழுதினார்கள். வெளியேறிய பிறகும் பழைய விதிகளே தொடரும் மாறுதல் காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடியும். அதற்குள் எல்லைப் பிரச்சினையைத் தீர்க்கும் வர்த்தக ஒப்பந்தம் வராவிட்டால், பிரிட்டன் முழுவதும் ஒன்றியத்தோடு ஒரே சுங்கப் பகுதியாக நீடிக்கும். வடக்கு அயர்லாந்து மட்டும் கூடுதலாக ஒற்றைச் சந்தையின் பொருள் விதிகளையும் கடைப்பிடிக்கும். இதுதான் பேக்ஸ்டாப்.

சிக்கல் அதன் கதவில் இருந்தது. வரைவின் வடக்கு அயர்லாந்து நெறிமுறையில் 20-ஆம் பிரிவு இப்படிச் சொன்னது: ஏற்பாடு இனித் தேவையில்லை என்று ஒரு தரப்பு கருதினால் மற்றதற்குத் தெரிவிக்கலாம், ஆறு மாதத்துக்குள் இரு தரப்பின் கூட்டுக் குழு கூட வேண்டும், இரு தரப்பும் சேர்ந்து முடிவெடுத்தால்தான் ஏற்பாடு முடிவுக்கு வரும். முடிவுத் தேதி கிடையாது. பிரிட்டன் தானாக வெளியே வர வழியும் கிடையாது.

அப்போ ராப் கடிதத்துல இதைத்தான் எழுதினாரா?

ஆமாம், இரண்டு காரணம் எழுதினார். வடக்கு அயர்லாந்துக்கு மட்டும் வேறு விதிகள் வைப்பது பிரிட்டனின் ஒருமைப்பாட்டுக்கே ஆபத்து என்பது முதலாவது. வெளியே வருவதற்கு ஒன்றியத்தின் சம்மதம் வேண்டும், அதுவரை காலவரையின்றி மாட்டிக்கொள்ளும் ஏற்பாட்டை ஏற்க முடியாது என்பது இரண்டாவது. இந்தச் சுங்க ஏற்பாடே வருங்கால வர்த்தகப் பேச்சுக்கும் அடித்தளமாகிவிடும், அதனால் அங்கேயும் பிரிட்டனின் கை கட்டப்படும் என்றும் சேர்த்துக்கொண்டார். தேர்தல் அறிக்கையில் கட்சி கொடுத்த வாக்குறுதியோடு இந்த விதிகளைப் பொருத்த முடியவில்லை என்றார்.

பிரதமரைத் தனிப்பட்ட முறையில் தாக்கும் வரி அதில் இல்லை. வேறு தலைவர் வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஜூலையில் ஜான்சன் எழுதிய கடிதத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பிரெக்சிட் கனவு செத்துக்கொண்டிருக்கிறது, நாடு காலனியாகப் போகிறது என்ற தொனி ஜான்சனுடையது. ராப் அடிப்படையில் வழக்கறிஞர்; விதிகளின் விளைவைக் காட்டி எழுதினார்.

பேச்சுவார்த்தை நடத்தினதே அவர்தானே? தான் பேசின ஒப்பந்தத்தையே எதிர்த்து எப்படி விலகலாம்?

நியாயமான கேள்வி. அன்று காமன்ஸ் சபையிலும் இதே கேள்வி எழுந்தது. பதில் அரசாங்கத்தின் அமைப்பில் இருக்கிறது. 2017 செப்டம்பரில், அந்தத் துறையின் தலைமைச் செயலராக இருந்த ஆலி ராபின்ஸ் பிரதமர் பக்கம் மாற்றப்பட்டார். அமைச்சரவைச் செயலகத்தில் அவர் தலைமையில் ஐரோப்பியப் பிரிவு ஒன்று உருவானது. வரைவுகளை வரிவரியாகப் பேசியது அந்தப் பிரிவு. ராப் பொறுப்பேற்ற இரண்டே வாரத்தில், 2018 ஜூலை 24 அன்று, பேச்சுவார்த்தைக்குத் தலைமை தாங்கப்போவது தானே என்றும் ராப் தனக்குத் துணையாக இருப்பார் என்றும் மே எழுத்துபூர்வமாக அறிவித்தார்.

ராப் சும்மா இருந்தார் என்று இதற்குப் பொருள் இல்லை. பார்னியேவைச் சந்தித்தார், அக்டோபர் 14 ஞாயிற்றுக்கிழமை திடீரென்று பிரஸ்ஸல்ஸ் பறந்தார். அன்று பேச்சு முறிந்ததற்கும் பேக்ஸ்டாப்பே காரணம். ஒப்பந்தம் இல்லாத நிலைக்கான தயாரிப்பு வேலை முழுக்க அவரிடம்தான் இருந்தது. ஆனால் கடைசி வாரங்களில் பேனா பிடித்தவர்கள் வேறு ஆள்கள். பெயர்ப்பலகை ஒருவரிடம், அதிகாரம் இன்னொருவரிடம் என்ற அமைப்பில், முடிவு பிடிக்காதபோது அமைச்சருக்கு மிஞ்சுவது ராஜினாமா ஒன்றுதான். டேவிஸுக்கும் இதே நிலைதான் இருந்தது.

அதற்காக ராப்புக்குப் பொறுப்பே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. எல்லைக்கு ஒரு காப்பு ஏற்பாடு தரப்படும் என்று பிரிட்டன் 2017 டிசம்பர் 8 கூட்டறிக்கையிலேயே ஒப்புக்கொண்டிருந்தது. அந்த வாக்குறுதி இருப்பது தெரிந்தேதான் ராப் பதவியை ஏற்றார்.

எதிர்ப்பைச் சொல்லிட்டு பதவியிலேயே இருக்கலாமே? எதுக்கு விலகணும்?

அமைச்சரவைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எதிர்க்கலாம். முடிவு எடுத்த பிறகு வெளியே எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும், அதற்கு வாக்களிக்க வேண்டும். இது கூட்டுப் பொறுப்பு. முடியாதவர் விலக வேண்டும். பிரிட்டனில் அமைச்சரவை வழக்கமாக ஓட்டுப் போட்டு முடிவெடுப்பதில்லை. எல்லோரும் பேசிய பிறகு பிரதமர் தொகுத்துச் சொல்வதே முடிவு. நவம்பர் 14 இரவு மே அப்படித் தொகுத்துச் சொன்னதும் ராப்புக்கு இருந்த வழி இரண்டே: ஒப்பந்தத்தைச் சபையில் தானே நின்று ஆதரிப்பது, அல்லது வெளியேறுவது. துறை அமைச்சர் என்பதால் ஒதுங்கி நிற்கவும் முடியாது.

ராஜினாமாவை யார்கிட்ட கொடுப்பாங்க? ராணிகிட்டயா?

பிரதமரிடம். அமைச்சர்களை நியமிப்பது முடியரசு என்றாலும் அது பிரதமரின் ஆலோசனைப்படியே நடக்கும். நடைமுறை பெரும்பாலும் இப்படிப் போகும்: முதலில் பிரதமரிடமோ தலைமைக் கொறடாவிடமோ தகவல், பிறகு கடிதம், அதற்குப் பிரதமரின் பதில் கடிதம், இரண்டும் பொதுவில் வெளியாகும். பிரதமரின் பதிலை விட்டுவிடாதீர்கள். எந்தக் குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார், எதைத் தொடாமல் நகர்கிறார் என்பது அங்கேதான் தெரியும். அடுத்து வருபவர் முடியரசரிடமிருந்து (2018-இல் அரசியிடமிருந்து) துறையின் முத்திரையைப் பெற்றுப் பொறுப்பேற்பார்.

விலகியவர் விரும்பினால் சபையில் தனி விளக்க உரை ஆற்றலாம். சபாநாயகரிடம் அனுமதி கேட்க வேண்டும். உரைக்கு நடுவே யாரும் குறுக்கிடக் கூடாது. ஜான்சன் 2018 ஜூலை 18 அன்று அப்படிப் பேசினார். துணைப் பிரதமர் பதவியிலிருந்து விலகிய ஜெஃப்ரி ஹவ் 1990 நவம்பர் 13 அன்று ஆற்றிய உரை பிரதமர் மார்கரெட் தாட்சரின் பதவிக்கே உலை வைத்தது.

எம்.பி. பதவியும் போயிடுமா?

போகாது. அரசாங்கப் பொறுப்பு மட்டும் போகும், இடைத்தேர்தலும் கிடையாது. அமைச்சர் சம்பளம் நின்றுவிடும், எம்.பி. சம்பளம் தொடரும். 2018-இல் எம்.பி.க்கு ஆண்டுக்கு 77,379 பவுண்ட். கேபினட் அமைச்சருக்கு அதற்கு மேல் 67,505.

பலருக்குத் தெரியாத ஒன்று: 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 65 வயதுக்குக் கீழிருக்கும் அமைச்சர் பதவி இழந்து மூன்று வாரத்துக்குள் வேறு பதவி பெறாவிட்டால், அமைச்சர் சம்பளத்தில் கால் பங்கு ஒரே தவணையாகக் கிடைக்கும். கேபினட் அமைச்சருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 16,900 பவுண்ட். தானாக விலகியவருக்கும் உண்டு. டேவிஸுக்கு அப்போது 69 வயது, ஆகவே தகுதி இல்லை.

அன்னைக்கு எத்தனை பேர் போனாங்க? இலங்கை வம்சாவளிக்காரர் ஒருத்தரும் விலகினார்னு கேள்விப்பட்டேன்.

ஆமாம், ரணில் ஜெயவர்தன. தந்தை இலங்கையிலிருந்து குடியேறியவர். அவர் அமைச்சர் இல்லை. அமைச்சருக்கு உதவியாக இருந்த நாடாளுமன்றத் தனிச் செயலர். சம்பளமில்லாத பொறுப்பு அது. அதே நிலையில் இருந்த ஆன்-மேரி ட்ரெவெல்யனும் விலகினார். பிரெக்சிட் துறையிலேயே துணை அமைச்சராக இருந்த சுவெல்லா பிரேவர்மனும் போனார். கேபினட் மட்டத்தில் ராப், மெக்வே இருவர்தான்.

தலைப்புச் செய்தியில் வரும் எண்ணிக்கையை விட இந்தப் படிநிலைதான் முக்கியம். கேபினட் அமைச்சர், இணை அமைச்சர், துணை அமைச்சர், தனிச் செயலர் என்று நான்கு படி உண்டு. கீழ்ப்படியில் இருப்பவர் விலகினால் நிர்வாகம் அசையாது. ஆனால் அரசாங்கப் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் கொறடா எண்ணிக்கொள்ளும் நிச்சய ஓட்டு. யார் போனாலும் அந்தக் கணக்கில் ஒன்று குறையும்.

அமைச்சரே போயிட்டார்னா பிரஸ்ஸல்ஸ் பேச்சு நின்னுருக்கணுமே?

நிற்கவில்லை. மறுநாளே பார்க்லே வந்தார். துறையின் கவனம் உள்நாட்டுத் தயாரிப்பு பக்கம் போனது. ஒன்றியத்தைப் பொறுத்தவரை வரைவு முடிந்த விஷயம். நவம்பர் 25 அன்று 27 நாட்டுத் தலைவர்களும் கூடி, 585 பக்கத்தில் எதையும் திறக்காமல் அங்கீகரித்தார்கள். வருங்கால உறவு பற்றிய அரசியல் அறிவிப்பு மட்டும் முதலில் 7 பக்கமாக இருந்து 26 பக்கமானது. அது சட்டப்படி கட்டுப்படுத்தாத ஆவணம்.

வேறு காரணமும் இருந்தது. ஒன்றியத்தை விட்டு வெளியேறும் நடைமுறையைச் சொல்லும், ஒன்றிய உடன்படிக்கையின் 50-ஆம் பிரிவை 2017 மார்ச் 29 அன்று பிரதமர் மே இயக்கினார். அதிலிருந்து இரண்டு ஆண்டு. 2019 மார்ச் 29 அன்று ஒப்பந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியேற்றம் நடந்துவிடும். யார் விலகினாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. கெடுவை நீட்டிக்க 27 நாடுகளும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும். வெளியேறும் முடிவையே பிரிட்டன் தனியாகத் திரும்பப் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2018 டிசம்பர் 10 அன்றுதான் தீர்ப்பளித்தது.

அப்போ இந்த ராஜினாமாவால எதுவுமே மாறலையா?

ஒப்பந்தத்தில் ஒரு வரியும் மாறவில்லை. நாடாளுமன்றக் கணக்கு மாறியது, அதுதான் மேயை வீழ்த்தியது. கணக்கைப் பாருங்கள். மொத்த இடங்கள் 650. ஐரிஷ் தேசியவாதக் கட்சியான சின் ஃபெயினின் 7 பேர் அவைக்கு வருவதில்லை. சபாநாயகரும் மூன்று துணைச் சபாநாயகர்களும் வாக்களிப்பதில்லை. மீதி 639, வெற்றிக்கு 320 வேண்டும். 2017 தேர்தலில் மேயின் கன்சர்வேடிவ் கட்சிக்குக் கிடைத்தது 317. பிரிட்டனோடுதான் இருக்க வேண்டும் என்னும் வடக்கு அயர்லாந்துக் கட்சியான டெமாக்ரடிக் யூனியனிஸ்ட் கட்சியின் 10 பேர்தான் ஆட்சியைத் தாங்கினார்கள். வடக்கு அயர்லாந்தைத் தனியாகப் பிரித்து நடத்தும் பேக்ஸ்டாப்பை அந்தக் கட்சி எந்தக் காலத்திலும் ஏற்காது. ஆகவே சொந்தக் கட்சியில் ஒருவரைக்கூட இழக்க மேயால் முடியாது.

இந்த நேரத்தில் ஒப்பந்தத்துக்குப் பொறுப்பான அமைச்சரே இதை ஆதரிக்க முடியாது என்று எழுதிவிட்டார். தயங்கிக்கொண்டிருந்த பின்வரிசை எம்.பி.க்களுக்கு எதிர்த்து ஓட்டுப் போட அதைவிடப் பெரிய சாக்கு வேண்டுமா? அன்றே பிரெக்சிட் ஆதரவு கன்சர்வேடிவ் எம்.பி. ஜேக்கப் ரீஸ்-மாக் கட்சித் தலைமை மீது நம்பிக்கையில்லை என்று கடிதம் கொடுத்தார். வாக்கெடுப்புக்குத் தேவையான 48 கடிதம் சேர்ந்து, டிசம்பர் 12 அன்று கட்சிக்குள் வாக்கெடுப்பு நடந்தது. 200-க்கு 117 என்று மே தப்பினார். ஆனால் 2019 ஜனவரி 15 அன்று ஒப்பந்தம் 202-க்கு 432 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய கட்சிக்காரர்கள்.

மத்த பிரெக்சிட் ஆதரவு அமைச்சர்கள் உள்ளேயே இருந்தாங்களே, அவங்க ஏதாவது சாதிச்சாங்களா?

மைக்கேல் கோவ், ஆண்ட்ரியா லெட்சம், லியம் ஃபாக்ஸ், பென்னி மோர்டன்ட், கிறிஸ் கிரேலிங் ஆகிய ஐவரும் உள்ளிருந்தே திருத்துவோம் என்று தங்கினார்கள். மேலே சொன்னபடி நவம்பர் 25 அன்று வரைவு அப்படியே அங்கீகரிக்கப்பட்டது. அந்த வகையில் அவர்கள் முயற்சி பலிக்கவில்லை. லெட்சம் 2019 மே 22 அன்று விலகினார்; இரண்டு நாள் கழித்து பிரதமர் மே தன் விலகலை அறிவித்தார்.

விலகின ராப்பே கடைசியில அதே ஒப்பந்தத்துக்கு ஓட்டுப் போட்டாராமே? இது என்ன நியாயம்?

உண்மைதான். ஒப்பந்தம் மூன்று முறை வந்தது. முதல் இரண்டு முறையும் ராப் எதிர்த்தார். மூன்றாவது முறை, 2019 மார்ச் 29 அன்று, ராப்பும் ஜான்சனும் ஆதரித்தார்கள். டேவிஸ் இரண்டாவது முறையிலேயே மாறிவிட்டார். பிரேவர்மன் மூன்று முறையும் எதிர்த்தார்.

பேக்ஸ்டாப் அப்படியே இருந்தது, சூழல் மாறியிருந்தது. ஒப்பந்தம் நிறைவேறினால் அடுத்த கட்டப் பேச்சுக்கு முன் விலகிவிடுவதாக மார்ச் 27 அன்று பிரதமர் மே கட்சியினரிடம் சொல்லிவிட்டார். நிறைவேறாவிட்டால் நீண்ட ஒத்திவைப்பு வரும், பிரெக்சிட்டே கைநழுவலாம் என்ற பயம் இன்னொரு பக்கம். நவம்பரில் காலவரையின்றி மாட்டிக்கொள்ளும் ஏற்பாடு என்று சொன்னதை மார்ச்சில் ஏற்றது கொள்கை முரண் என்றுதான் எங்களுக்குப் படுகிறது. ஆனால் அன்றும் 286-க்கு 344 என்று தோற்றது. 34 கன்சர்வேடிவ்களும் டெமாக்ரடிக் யூனியனிஸ்ட் கட்சியின் பத்துப் பேரும் அசையவில்லை.

காலவரையில்லாம மாட்டிக்குவோம்னு ராப் சொன்னது சட்டப்படி சரிதானா, இல்ல மிகைப்படுத்தினாரா?

சட்ட விஷயத்தில் அவர் மிகைப்படுத்தவில்லை. அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் ஜெஃப்ரி காக்ஸ் நவம்பர் 13 தேதியிட்டு அமைச்சரவைக்குக் கொடுத்த ஆலோசனையும் அதையேதான் சொன்னது: மாற்று ஒப்பந்தம் வராவிட்டால் நெறிமுறை காலவரையின்றி நீடிக்கும். அதை வெளியிட அரசு மறுத்தது. டிசம்பர் 4 அன்று சபை 311-க்கு 293 என்று அரசை நாடாளுமன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளாக்கியது. மறுநாள் ஆலோசனை வெளியானது. 2019 மார்ச்சில் கூடுதல் உறுதிமொழிகள் வாங்கிய பிறகும் சட்ட ஆபத்து மாறவில்லை என்றே காக்ஸ் எழுதினார்.

ராப் பேசாமல் விட்டது வேறொன்று. தரையில் எல்லை கூடாது, கடலில் எல்லை கூடாது, பிரிட்டன் சுங்க ஒன்றியத்தில் இருக்கவும் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாக நிறைவேற்றும் ஏற்பாடு எதையும் யாராலும் காட்ட முடியவில்லை. 2019 அக்டோபர் 17 அன்று ஜான்சன் செய்த புதிய ஒப்பந்தம் இரண்டாவதை விட்டுக்கொடுத்தது. பிரிட்டன் முழுவதற்குமான சுங்கப் பகுதி போய், வடக்கு அயர்லாந்து மட்டும் ஒன்றியத்தின் பொருள் விதிகளிலும் சுங்க நடைமுறைகளிலும் இருந்தது. சோதனை அயர்லாந்துக் கடலுக்கு நகர்ந்தது. ராப்பின் இரண்டாவது காரணம் இதில் தீர்ந்தது. ஒருமைப்பாடு என்ற முதல் காரணம் முன்னைவிடக் கூர்மையானது. அந்த அரசில் ராப் வெளியுறவு அமைச்சர்.

பிரான்ஸ், ஜெர்மனி பாஸ்போர்ட்டோட லண்டன்ல குடியிருந்த நம்ம ஆளுங்களுக்கு இந்த ராஜினாமாவால பாதிப்பு வந்துச்சா?

ராஜினாமாவால் நேரடியாக இல்லை. ஈழத்திலிருந்து ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்க் குடியுரிமை பெற்று, பிறகு பிரிட்டனுக்கு மாறிய குடும்பங்கள் நிறைய. அவர்களுடைய உரிமை வெளியேற்ற ஒப்பந்தத்தின் குடிமக்கள் பகுதியில் இருந்தது. அதில் சண்டை இல்லை. ஆனால் ஒப்பந்தமே தோற்றுவிடுமோ என்ற கவலை அந்தக் குளிர்காலம் முழுக்க இருந்தது. அதனால் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும், ஒன்றியக் குடிமக்கள் தொடர்ந்து பிரிட்டனில் வாழ விண்ணப்பிக்கும் குடியிருப்புத் திட்டம் தொடரும் என்று அரசு 2018 டிசம்பரில் தனியாக அறிவித்தது. 65 பவுண்ட் விண்ணப்பக் கட்டணம் ரத்து என்று 2019 ஜனவரி 21 அன்று மே சபையில் சொன்னார். திட்டம் மார்ச் 30 அன்று எல்லோருக்கும் திறந்தது. 2020 டிசம்பர் 31-க்குள் பிரிட்டனில் குடியிருந்தவர்கள் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டு தொடர்ந்து இருந்திருந்தால் நிரந்தரக் குடியிருப்பு, குறைவென்றால் தற்காலிகம்.

லண்டன்ல அஞ்சாறு பேர் விலகியும் அரசாங்கம் ஓடிச்சு. வடக்கு அயர்லாந்துல ஒருத்தர் விலகினதும் எல்லாம் நின்னுடுச்சே, அது எப்படி?

லண்டனில் காலியான இடத்தைப் பிரதமர் மறுநாளே நிரப்பலாம். வடக்கு அயர்லாந்தில் முதல் அமைச்சரும் துணை முதல் அமைச்சரும் சம அதிகாரம் கொண்ட ஜோடி. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட் தரப்பில் ஒருவர், அயர்லாந்து ஒன்றாக வேண்டும் என்னும் தேசியவாதத் தரப்பில் ஒருவர். ஒருவர் விலகினால் மற்றவர் பதவியும் தானாகப் போய்விடும். இரு தரப்பும் ஆள் முன்மொழிந்தால்தான் மீண்டும் அமைக்க முடியும். இரண்டு சமூகமும் சேர்ந்தே ஆள வேண்டும் என்பதற்காக 1998 ஒப்பந்தத்திலிருந்து வந்த ஏற்பாடு இது.

கடல் எல்லைச் சோதனைகளை எதிர்த்து டெமாக்ரடிக் யூனியனிஸ்ட் கட்சியின் பால் கிவன் 2022 பிப்ரவரி 3 அன்று முதல் அமைச்சர் பதவியை விட்டார். மே மாதத் தேர்தலுக்குப் பிறகும் அந்தக் கட்சி ஆள் முன்மொழியவில்லை. 2023 பிப்ரவரி 27 அன்று லண்டனும் பிரஸ்ஸல்ஸும் வின்ட்சர் ஏற்பாட்டை அறிவித்து, பிரிட்டனிலேயே நின்றுவிடும் சரக்குகளுக்குச் சோதனையைக் குறைத்தன. அதற்குப் பிறகும் ஏறத்தாழ ஓராண்டு ஆனது. 2024 பிப்ரவரி 3 அன்றுதான் அரசு மீண்டும் அமைந்தது. இந்தக் கடல் எல்லை ஏற்பாடு தொடரலாமா என்று வடக்கு அயர்லாந்து சட்டமன்றத்திடமே கேட்க வேண்டும் என்பது ஜான்சன் ஒப்பந்தத்தில் வந்த விதி. பேக்ஸ்டாப்பில் அது இல்லை. முதல் வாக்கெடுப்பு 2024 டிசம்பர் 10 அன்று நடந்தது. 48 பேர் தொடரலாம் என்றார்கள், 36 பேர் கூடாது என்றார்கள். யூனியனிஸ்ட்கள் யாரும் ஆதரிக்கவில்லை. ஒரு சமூகத்தின் ஆதரவில் மட்டும் நிறைவேறினால் அடுத்த வாக்கெடுப்பு நான்கே ஆண்டில் வரும். இரு சமூகத்தின் ஆதரவும் இருந்திருந்தால் எட்டு ஆண்டு.